மட்காட்டில் கையளவு தகரம்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மனைவியின் தம்பி இளையதம்பி கராஜ் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தான். நேரம் இவ்வளவு திட்டமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. நான்கு மணிக்கு ஒரு காரை வாங்க ஆள் வருவதாக இருந்தது. அதற்குள் அதன் முன்சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் நான் பூசியிருந்த பெயின்ட், எங்கள் ஊர்ப் பேச்சில் தீந்தை, தொட்டால் ஒட்டாத பக்குவத்துக்கு வருமா என்று சுவர் மணிக்கூட்டை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அத்தான், பூரணத்துக்கு மூச்சு இழுக்குது. தொண்டை அடைப்பானாம். ஊர்ப் பரிசாரியார் மருந்து குடுத்துப் பாத்திட்டுக் கையை விரிச்சிட்டார். டாக்குத்தரக் கையோட கூட்டிட்டு வரட்டாம் அக்கா.”

பூரணம் என் மூத்த மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. முந்தின நாள் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் கராஜ் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. தீந்தை மணம் நெஞ்சைப் பிடித்துவிட்டதால் ஐம்பது வயதாகு முன்னரே நிற்க வேண்டியதாயிற்று. போன மாதம் அங்கே இப்போது வேலை செய்கிறவர்கள் இருவர் வீடு தேடி வந்தார்கள். விற்கப் போகிற காரில் சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தால் அவற்றைப் பூசிவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா என்பதில் அவர்களுக்குள் தகராறு. இப்போது காற்றின் வேகத்தில் தீந்தையைத் தெளிக்கும் கருவி வந்துவிட்டது. எங்களுக்கு மூன்று நாள் பிடித்த வேலையை அரை நாளில் முடிக்கிறார்கள். “பூசினா வடிவுதானே அண்ணன், இதுல யோசிக்க என்ன இரிக்கு?” என்றார் ஒருவர். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். எழுதுவினைஞர் வேலை கிடைக்கும் என்று இரண்டு வருடம் காத்திருந்து, கிடைக்காமல், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போனேன். அங்கிருந்து பஸ்களுக்கு எழுத்து, பஸ்ஸிலிருந்து கார். மட்டக்களப்பு நகரத்துக் கராஜில் சேர்ந்தபோது எனக்குத் தூரிகை பிடிக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அது தெரியாது என்பதைப் புரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆயிற்று.

எங்கள் மேலாள் ஒகஸ்தீன் பாஸ். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர். அவருடைய தகப்பன் வண்டிச் சக்கரம் அடித்தவர். இவர் கார்ச் சக்கரத்துக்கு வந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிழையான வேலையைக் கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு விரல்களின் பின்பக்கத்தால் தகரத்தைத் தடவுவார். எந்த இடத்தில் விரல் நின்றதோ அந்த இடத்தில் நாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தீந்தை டின்னைத் திறக்கும் முன் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே. “ஆர் கேட்டது?” கார்க்காரர் கேட்டாரா, நீயாக நினைத்தாயா என்பதுதான் அதன் பொருள்.

கறுப்பு என்பது ஒரே கறுப்பு என்று நினைக்கிறவர்கள் காருக்குத் தீந்தை பூசியதில்லை. வெயிலில் நின்ற காரின் கறுப்பில் மண்ணிறம் ஏறியிருக்கும். நிழலில் நின்றதில் மெல்லிய நீலம் தெரியும். கலந்த தீந்தையை ஒரு தகரத் துண்டில் பூசி, காயவிட்டு, காலை வெளிச்சத்தில் காருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை. வாவிக்கரைக் கிணறுகளில் உவர் உண்டு. அந்தத் தண்ணீரில் தகரத்தைக் கழுவிப் பூசினால் ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். அதற்காகப் பாஸ் மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துவைத்துப் பூட்டுப் போட்டிருந்தார். ஒருவரும் அதில் கை கழுவக் கூடாது.

விற்கிற கார் விஷயத்தில் அவர் உறுதியாக இருந்தார். கழுவலாம், துடைக்கலாம், மெழுகு போடலாம். கீறலைத் தொடக் கூடாது. இதற்குக் காரணம் எங்கள் வாவி. நீர் கிழக்கையும் மேற்கையும் பிரிக்கிறது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கார் அக்கரை போவதென்றால் பாதையில் ஏற்ற வேண்டும். இரண்டு வள்ளங்களைச் சேர்த்துப் பலகை அடித்த மிதப்பைத்தான் பாதை என்கிறோம். ஏற்றும்போது எப்போதாவது ஒரு கார் வழுக்கி நீருக்குள் போய்விடும். தூக்கி எடுத்து, புதுத் தீந்தை பூசி, விஷயத்தைச் சொல்லாமல் விற்றுவிடுவார்கள். ஆகவே புதுப் பூச்சைக் கண்டதும் எங்கள் ஊரார் குனிந்து இருக்கையின் மெத்தையை மோந்து பார்ப்பார்கள்.

“மூக்கால கார் வாங்கிற ஊர் மகனே இது,” என்பார் பாஸ். “நீ ஒரு கீறலை மறைச்சா, அவன் இல்லாத ஒம்பதைத் தேடுவான்.”

இவ்வளவும் தெரிந்தும் நான் டாக்டரின் காரைத் தொட்டேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்தவர். நான்கு வருடம் எங்கள் பகுதியில் இருந்தார். தீந்தையிலுள்ள ஈயம் என் குடலைப் பிடித்து நான் சுருண்டு கிடந்தபோது, இன்ன வியாதி என்று கண்டுபிடித்து, பதினேழு நாள் வைத்துப் பார்த்தவர் அவர். கிழமையில் இரண்டு நாள் படுவான்கரை ஊர்களுக்கும் போவார். ஒரு தடவை பாதையில் ஏறும்போது அதன் கட்டை உரசி, காரின் முன் மட்காட்டில் கையளவு இடத்துத் தீந்தை உரிந்து தகரம் தெரிந்தது. பூசித் தருகிறேன் என்று நான் கேட்கும்போதெல்லாம், “அதுக்கு இப்ப என்ன அவசரம்?” என்று சிரிப்பார். துரு ஏறாதபடி சாம்பலும் எண்ணெயும் போட்டுத் தானே தேய்ப்பார். தேய்த்துத் தேய்த்து அது கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. காரை விற்கச் சொல்லி எங்கள் கராஜில் விட்டார். காத்தான்குடிப் புடைவை வியாபாரி அப்துல் காதர் முதலாளி வாங்குவதாக இருந்தது. பாஸ் மாதா கோயில் திருநாளுக்காக இரண்டு நாள் லீவில் போனார். அந்த இரண்டு நாளில் நான் வேலையை முடித்துவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. டாக்டருக்கு நான் செய்யும் நன்றிக்கடன் என்று என் மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். என் கைத்திறனை அவர் போகுமுன் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது.

உண்மையில் அது என் வாழ்நாளின் மிக நல்ல வேலைகளில் ஒன்று. உரிந்த இடத்தின் விளிம்பை நனைத்த தாளால் தேய்த்துத் தேய்த்துப் படி தெரியாமல் இறக்கினேன். துருவைத் தடுக்கச் செவ்வீயம் ஒரு பூச்சு, பள்ளத்தை நிரப்ப மக்கு ஒரு பூச்சு, அதன்மேல் கறுப்பு இரண்டு. மூன்றாம் நாள் காலை பாஸ் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடினார். காயாத தீந்தையில் படாமல், விளிம்பை ஒட்டி விரல் போயிற்று. எங்கும் நிற்கவில்லை.

“வேலை நல்லாத்தான் இரிக்கு,” என்றார். “ஆர் கேட்டது?”

நான் தீந்தை டின்னின் மூடியை அழுத்தி மூடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குப் பிற்பகல்தான் இளையதம்பி வந்தான்.

எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடித்தால் பெண்ணின் ஊரில், பெண்ணின் வீட்டில்தான் ஆண் குடியிருப்பான். என் மனைவி நல்லம்மாவின் ஊர் படுவான்கரை. நான் கிழமை நாட்களில் நகரத்தில் தங்கி வேலை செய்து, சனிக்கிழமை வீட்டுக்குப் போய்வருவேன். துறையிலிருந்து ஊர் ஐந்து மைல், வண்டிப்பாதை. மூச்சுத் திணறும் பிள்ளையை அந்த வழியில் மாட்டுவண்டியில் குலுக்கிக்கொண்டு வர நல்லம்மாவுக்குத் துணிவில்லை. இளையதம்பி நண்பகலுக்குச் சற்று முன் நெல் ஏற்றி வந்த பாதையில் கடந்து, சைக்கிளை மிதித்து வந்திருந்தான்.

டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் சொல்லி முடிக்குமுன் ஊசி மருந்தையும் ஒரு சின்னத் தோல் பெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

“கார் உங்கட கராஜிலதானே நிக்குது? இப்ப எடுக்கலாமோ?”

“மட்காட்டில தீந்தை பூசியிரிக்கன் ஐயா. காயாட்டியும் ஓடும்.”

கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடி வீதியில் நாங்கள் போன வேகத்தை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது. துறைக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி ஆகவில்லை. பாதை அக்கரையில் நின்றது. எங்கள் கரையில் ஒரு தோணிகூட இல்லை. மீன்காரர் எல்லாரும் தெற்கே போயிருந்தார்கள்.

அதனால் நான் கலங்கவில்லை. டாக்டரின் காரைக் கண்டால் பாதைகாரர் சுமை நிரம்பும்வரை காத்திருக்காமல், ஏற்றியதை இறக்கிவிட்டுக்கூட வெறும் பாதையோடு வந்துவிடுவார்கள். அது யாரும் சட்டம் போட்டு வந்த பழக்கம் அல்ல. பாதைக்குப் பொறுப்பான மீராலெவ்வை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நாங்களும் காக்கா என்று அழைப்பவர், தானாக வைத்த ஒழுங்கு. மற்றக் கார்கள் ஒரு மணித்தியாலமும் நிற்கும், இரண்டு மணித்தியாலமும் நிற்கும்.

டாக்டர் ஹோர்னை அடித்தார். ஆடி மாதத்துக் கச்சான் காற்று மேற்கேயிருந்து முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. சத்தம் எங்களுக்குப் பின்னால்தான் போயிற்று. அக்கரையில் நெல் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பாதைக்கு நேரே திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் எறும்பளவு தெரிந்தார்கள். நான் சட்டையைக் கழற்றி ஆட்டினேன். ஒருவன் திரும்பிப் பார்த்து, பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு வண்டிப் பக்கம் போனான்.

“இதென்ன புதினம்,” என்றார் டாக்டர். “வழமையா நான் வந்து காரை நிப்பாட்டமுன்னம் அவிழ்த்திடுவாங்களே.”

கால் மணித்தியாலம் போயிற்று. டாக்டர் மணிக்கூட்டை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் பையில் வைத்தார். நீந்திப் போகலாம் என்று நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். நடு ஆழத்தில் முதலை உண்டு. அதைவிட, அந்தக் காற்றில் பாதித் தூரம்கூடப் போயிருக்கமாட்டேன். டாக்டர் வந்து தோளைப் பிடித்து இழுத்தார்.

அப்போது இளையதம்பி காரின் முன்னால் போய் நின்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். “அத்தான், மூணு கண்ணு இல்லையே.”

ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கடந்த பாதை அது. “மூணு கண்ணு வந்திட்டு, அவிழுங்கடா” என்று மீராலெவ்வைக் காக்கா கத்துவதை எத்தனை தரம் கேட்டிருப்பேன். கேலிக்கு வைத்த பட்டப்பெயர் என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அரை மைல் தண்ணீருக்கு அப்பால் எல்லாக் கார்களும் ஒரே கறுப்புப் பெட்டிதான். வெயிலில் இரண்டு விளக்குகள் மின்னும். டாக்டரின் காருக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று, பக்கவாட்டில், தாழ்ந்து மின்னும். ஹோர்ன் கேட்காத நாளிலும் அவர்கள் அதைப் பார்த்துத்தான் அவிழ்த்திருக்கிறார்கள். டாக்டருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கருவிப் பெட்டியிலிருந்து டயர் கழற்றும் இரும்பை எடுத்தேன். டாக்டர், “என்ன செய்யிறாய்?” என்று கேட்டார். நான் அதை மட்காட்டில் வைத்துச் சுரண்டினேன். தீந்தை இன்னும் இளசு. இரும்பு பட்டதும் தோலாகச் சுருண்டு வந்தது. அதன்கீழ் மக்கு. அதன்கீழ் செவ்வீயம். அதுதான் விடவில்லை. கரை மணலை ஈரத் துணியில் அள்ளிப் போட்டு இரண்டு கையாலும் தேய்த்தேன். இளையதம்பி மறுபக்கத்திலிருந்து தேய்த்தான். நகம் பிய்ந்தது பிறகுதான் தெரிந்தது. தகரம் வெளுத்து வந்ததும் டாக்டர் காருக்குள் ஏறி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார், மேற்கு வெயில் நேரே அதில் விழும்வரை.

நாங்கள் மூவரும் அக்கரையைப் பார்த்தோம். பாதையில் ஏறியிருந்த வண்டி ஒன்று பின்னால் இறங்கியது. அதன் பின் பாதை கரையை விட்டு அசைந்தது.

மீராலெவ்வைக் காக்கா வந்து இறங்கியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. “புதுக் கார் எண்டு நினைச்சம் டாக்குத்தர். காணி பார்க்க ஆரோ பெரிய இடத்து ஆக்கள், நிக்கட்டும் எண்டு சொன்னவன் நான்தான்.” மட்காட்டைப் பார்த்தார். “ஆரு இந்தக் கண்ணைக் குத்தினது?”

“நான்தான் காக்கா. புள்ளைக்கு மூச்சு இழுக்குது.”

அவர் என்னை ஏச வாயெடுத்தவர், நிறுத்திவிட்டார். “ஏறுங்க. காத்து எதிரா நிக்கி. நீங்களும் ஒரு கம்பப் புடிங்க,” என்று மட்டும் சொன்னார். போகும்போது அவர் பாடவுமில்லை, பகிடி விடவுமில்லை. அந்த மனிதர் அன்று தாங்குகம்பை ஊன்றிய ஒவ்வொரு ஊன்றலுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போனபோது பூரணத்தின் உதடு நீலம். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக் குழி உள்ளே போய் வந்தது. கண் திறந்திருந்தது; என்னைத் தெரியவில்லை. டாக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, நல்லம்மாவைக் காலைப் பிடிக்கச் சொன்னார். என்னைத் தலையைப் பிடிக்கச் சொன்னார். “அசைஞ்சா நான் பொறுப்பில்லை,” என்றார். பிள்ளையைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியாது. தோல் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்து, தொண்டைக் குழிக்கு மேலே விரலால் அளந்து, ஒரே கோடாகக் கீறினார். வளைந்த சின்ன வெள்ளிக் குழாய் ஒன்றை அதற்குள் வைத்தார். சீழ்க்கை அடிப்பதுபோல் ஒரு சத்தம். மறுபடியும் ஒன்று. அது அவள் மூச்சு. உதட்டில் நிறம் திரும்புவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனையோ நிறம் கலந்தவன். அப்படி ஒரு நிறத்தை நான் கண்டதில்லை.

ஊசி மருந்தும் போட்டார். அன்று அங்கேயே தங்கினார். இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. நான்தான் இன்றுவரை கணக்குப் பார்க்கிறேன். பூரணம் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள். ஆனாலும் அவள் அடுத்த அறையில் இருமினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நல்லம்மா, “அது சும்மா இருமல், படுங்க” என்பாள். ஒகஸ்தீன் பாஸ் அதன் பிறகு அந்த மட்காட்டைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அதற்கும் நன்றி சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டு வந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பூசத் தெரிந்திருப்பது வேறு, பூச வேண்டுமா என்பது வேறு. கீறல் அழகில்லை என்பது உங்கள் கண். அதே கீறலை வேறு யார் பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். விற்கிறவரைக் கேளுங்கள், வாங்குகிறவரைக் கேளுங்கள், அந்தக் கார் ஓடும் வழியில் இருப்பவர்களையும் கேளுங்கள். அதன் பிறகு டின்னைத் திறக்கலாம்.

பூரணத்துக்குக் குழாய் வைத்த மறுநாள் காலை நான் முற்றத்தில் காருக்கு முன்னால் குந்தியிருந்தேன். பழைய உரிவு வட்டமாக, சுத்தமாக இருந்தது. நான் செய்தது கீறலும் பிறாண்டலுமாகக் கோரமாக இருந்தது. டாக்டர் இன்னும் ஐந்து நாளில் போக வேண்டும். வாங்க இருந்தவர் முந்தின நாள் கராஜுக்கு வந்து ஏமாந்து போயிருப்பார். இரண்டு நாள் தந்தால் சரியாக்கித் தருகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர், “வாங்கிறவர் சொல்லட்டும்” என்றார்.

எட்டு மணிபோல் நெல் வண்டி ஒன்று வேலிப் படலையில் வந்து நின்றது. அதிலிருந்து அப்துல் காதர் முதலாளி இறங்கினார். பிள்ளையின் நோயைப் பாஸும், துறையில் நடந்ததை மீராலெவ்வைக் காக்காவும் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் காரின் பக்கம் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று, “புள்ளைக்கு எப்பிடி?” என்று கேட்டார். பூரணம் கண் விழித்துப் படுத்திருந்தாள். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்து, வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகுதான் முற்றத்துக்கு வந்து மட்காட்டின் முன் நின்றார்.

“ரெண்டு நாள் தாங்க முதலாளி,” என்றேன். “இருந்த இடம் தெரியாமப் பூசித் தாறன்.”

அவர் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார்.

“டாக்குத்தர் மாறிப் போவார் தம்பி. நோய்க்காரன் மாறிப் போறானா? இந்தக் காரைக் கண்டா பாதை வரும் எண்டு இரிக்கி. இனி ஆருக்கு அவசரம் எண்டாலும் காத்தான்குடிக்கு ஆள் அனுப்புங்க, காரைத் தாறன். நீங்க இதப் பூசாம உடுங்க.”